மூலையில் தொலைந்த எட்டு ஸ்போர்கள்: ஃபிஜி மென்பொருளோடு ஓராண்டு

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் இளம்புழு வளர்ப்பு மையம் இருக்கிறது. அண்ணன் நடத்துகிறார். நுண்ணோக்கி என் பொறுப்பு. முட்டையிலிருந்து வெளிவந்த பட்டுப்புழுக்களை இரண்டாம் தோலுரிப்பு வரை வளர்த்து விவசாயிகளிடம் கொடுக்கிறோம். அவர்கள் மல்பெரித் தழை போட்டு வளர்த்துக் கூடு கட்டவைத்து, தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுபோவார்கள். நாங்கள் கொடுக்கும் புழுவில் பெப்ரின் என்னும் நோய் இருந்தால் அவர்களுடைய ஒரு மாத உழைப்பு போய்விடும். அதனால்தான் ஒரு மென்பொருளைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பெப்ரினுக்குக் காரணம் நொசிமா பாம்பிசிஸ் என்னும் நுண்ணுயிரி. தாய் அந்துப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். 1865-இல் பிரான்ஸின் தென்பகுதிக்குச் சென்ற லூயி பாஸ்டர் காட்டிக்கொடுத்த வழியைத்தான் இன்றும் எல்லோரும் பின்பற்றுகிறோம்: முட்டையிட்ட பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது, நோய் இருந்தால் அதன் முட்டையை ஒதுக்குவது. அந்தச் சோதனை முட்டை உற்பத்தி செய்யும் இடத்திலேயே முடிந்துவிடும். இருந்தாலும் எங்களிடம் வரும் ஒவ்வொரு தொகுதியிலும் மந்தமாக இருக்கும் புழுக்களை எடுத்து நான் இன்னொரு முறை பார்க்கிறேன். அந்த நுண்ணுயிரியின் வித்தான ஸ்போர் ஏறத்தாழ மூன்றரை மைக்ரோமீட்டர் நீளம், இரண்டு மைக்ரோமீட்டர் அகலம், முட்டை வடிவம். 40 மடங்கு வில்லையில் என் கேமரா எடுக்கும் படத்தில் அது சுமார் 32 பிக்சல் நீளம் வரும்.

படம் எடுப்பது பதிவுக்காக. கண்ணால் பார்த்ததை நாளை யாருக்கும் காட்ட முடியாது, படம் இருந்தால் காட்டலாம். அப்படி எடுக்கத் தொடங்கிய பிறகுதான் மூலைகள் இருட்டாக இருப்பதைக் கவனித்தேன். பூஜ்யம் முழு இருட்டு, 255 முழு வெள்ளை என்னும் கணக்கில் நடுவில் ஒளி அளவு 203, இடது கீழ்மூலையில் 118. கண்ணால் பார்க்கும்போது இந்த வேறுபாடு தெரிவதே இல்லை. மனம் தானாகவே சமன் செய்துகொள்கிறது. மென்பொருளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ‘இந்த அளவுக்குக் கீழே இருட்டாக இருப்பதெல்லாம் ஸ்போர்’ என்று ஒரு வரம்பைச் சொன்னால், மூலையில் உள்ள வெற்றுப் பின்னணியையே ஒரு பெரிய கரும்பட்டையாக எடுத்துக்கொண்டது. அங்கிருந்த ஸ்போர்கள் அந்தப் பட்டைக்குள் கரைந்துவிட்டன. நோய் உறுதியான ஒரு மாதிரியின் படத்தை வைத்துச் சோதித்தேன். நான் கையால் எண்ணியபோது 19. மென்பொருள் எண்ணியது 11. விடுபட்ட எட்டும் அந்த ஒரே மூலையில் இருந்தன.

19-க்கும் 11-க்கும் என்ன வேறுபாடு, இரண்டுமே நோய்தானே என்று கேட்கலாம். லேசான தொற்றில் ஒரு படத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்த ஒன்று மூலையில் இருந்தால்? எங்களிடம் ஒரு தொகுதியில் அதுதான் நடந்தது. மென்பொருள் பூஜ்யம் என்றது. மனம் ஒப்பாமல் மறுபடி வில்லையில் கண் வைத்துத் தேடியபோது இரண்டு கிடைத்தன. புதிதாகத் தேய்த்த மூன்று மாதிரிகளிலும் இருந்தது. அந்தத் தொகுதியை அண்ணன் யாருக்கும் கொடுக்கவில்லை. முழுவதையும் எரித்துவிட்டு அறையைக் கிருமிநீக்கம் செய்தோம். அன்று இரவுதான் ஒளிச்சீர்மை பற்றி உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன்.

நுண்ணோக்கி வாங்கிய கடையில் கேட்டதற்கு, கேமராவோடு வரும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அதில் அப்படி ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் படம் வெளுக்கும். என்ன செய்தது, எதை எதால் வகுத்தது என்று ஒரு சொல்கூடச் சொல்லாது. என்ன நடந்தது என்று தெரியாத படத்தை நோய்ப் பதிவில் வைக்க எனக்கு மனமில்லை. அதனால் ஃபிஜிக்கு வந்தேன்.

ஃபிஜி என்பது இமேஜ்ஜே என்னும் பழைய மென்பொருளின் விரிவான தொகுப்பு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலைபார்த்த வேய்ன் ராஸ்பாண்ட் 1997-இல் இமேஜ்ஜேயை வெளியிட்டார். அதற்கும் முன்னோடியாக மேக்கின்டாஷ் கணினிக்கு ஒன்றை எழுதியவரும் அவரே. ஃபிஜி, இமேஜ்ஜே இரண்டும் இலவசம், மூல நிரல் திறந்தே இருக்கிறது. நிறுவ வேண்டிய வேலையும் இல்லை. கோப்பை விரித்து ஒரு பென் டிரைவில் வைத்துக்கொண்டால் எந்தக் கணினியிலும் ஓடும். என் மடிக்கணினி பழையது, 4 ஜிபி நினைவகம்தான். 5 மெகாபிக்சல் படங்களுக்கு அதுவே போதும். நூறு படங்களை ஒன்றாகத் திறந்தால் திணறும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பின்னணியைச் சீராக்க ஃபிஜியில் பல வழிகள் உண்டு. எல்லோரும் முதலில் போய் நிற்பது ‘சப்ட்ராக்ட் பேக்கிரவுண்ட்’ என்னும் கட்டளையில். நானும் அங்கேதான் போனேன். அதன் உள்ளே இருப்பது 1983-இல் ஸ்டான்லி ஸ்டெர்ன்பெர்க் எழுதிய உருளும் பந்து முறை. அதை எனக்கு நானே விளங்கவைத்துக்கொண்டது இப்படி: படத்தின் ஒளி அளவை நிலத்தின் மேடுபள்ளமாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் மேடு, இருட்டு பள்ளம். பள்ளமும் சரிவுமான நம் ஊர்க் காட்டில் ஒரு பெரிய பந்தை உருட்டிவிடுகிறோம். சரிவான நிலத்தில் அது சரிவோடு ஏறி இறங்கும். கிணற்று வாயைவிடப் பந்து பெரிதாக இருந்தால் கிணற்றுக்குள் விழாது, மேலாக உருண்டு போய்விடும். பந்து தொட்ட இடமெல்லாம் பின்னணி. பந்து தொடாத கிணறுகள்தாம் நாம் தேடும் பொருள்கள். ஸ்போர் ஒவ்வொன்றும் ஒரு கிணறு.

பந்தின் ஆரம் தானாக 50 பிக்சல் என்று வரும். 32 பிக்சல் நீளமுள்ள ஸ்போர் அதற்குள் தாராளமாக அடங்கும். பின்னணி வெளிச்சமாக இருப்பதால் அதற்குரிய குறியை இட மறக்கக்கூடாது, மறந்தால் எல்லாம் தலைகீழாகும். முதல் முறை போட்டுப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. மூலை வெளுத்தது, 19 ஸ்போர்களும் வந்தன. ஐந்து நொடி வேலை.

ஆனால் என் மாதிரிகளில் ஸ்போர் மட்டும் இருப்பதில்லை. குடல் திசுத் துண்டுகள், செரிக்காத இலைத் துணுக்குகள் எல்லாம் இருக்கும். 400 பிக்சல் அகலமுள்ள திசுத் துண்டு கிணறு அல்ல, ஏரி. பந்து அதற்குள் இறங்கிவிடும். இறங்கியவுடன் ஏரியின் தரையையும் நிலம் என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறது. திசுவின் நடுப்பகுதி பின்னணியைப் போலவே வெளுத்துப்போக, ஓரங்கள் மட்டும் கோடுகளாக நிற்கின்றன. அந்தக் கோட்டுத் துண்டுகளில் சில, அளவிலும் வடிவத்திலும் ஸ்போரைப் போலவே இருந்தன. நோயில்லாத மாதிரி ஒன்றில் மூன்று என்று எண்ணிக் காட்டியது. பந்தைப் பெரிதாக்கி 250 கொடுத்தால் திசு தப்பிக்கிறது, ஆனால் மூலையின் செங்குத்தான சரிவைப் பந்தால் தொடரமுடியாமல் இருட்டு திரும்பி வருகிறது. படத்திலுள்ள மிகப் பெரிய பொருளைவிடப் பந்து சிறிதாக இருக்கக்கூடாது என்பதுதான் அந்தக் கருவியின் விதி. குறை கருவியிடம் இல்லை, என் மாதிரிக்கு அது பொருந்தவில்லை.

அதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. இந்த மதிப்புரையில் நான் சொல்ல வந்ததே இதுதான். ஒளி ஊடுருவும் சாதாரண நுண்ணோக்கியில் நிழல் என்பது கூட்டிச் சேர்ந்த ஒன்று அல்ல, பெருக்கிச் சேர்ந்த ஒன்று. ஒரு ஸ்போர் தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கைத் தடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படத்தின் நடுவில் 200 ஒளி இருந்தால் ஸ்போர் இருக்கும் இடம் 160 ஆகும், வேறுபாடு 40. மூலையில் 100 மட்டுமே இருந்தால் அங்கே ஸ்போர் 80 ஆகும், வேறுபாடு 20. பின்னணியைக் கழித்தால் ஒரே மாதிரியான இரண்டு ஸ்போர்கள் 40 என்றும் 20 என்றும் நிற்கும். பின்னணி சமமாகிவிட்டது போல் தோன்றும், மூலையின் ஸ்போர் மட்டும் பாதி வலுவோடு மங்கிக் கிடக்கும். வகுத்துப் பாருங்கள்: 160-ஐ 200-ஆல் வகுத்தால் 0.8, 80-ஐ 100-ஆல் வகுத்தாலும் 0.8. இரண்டும் ஒன்றுதான் என்ற உண்மை வகுத்தலில்தான் வெளிவருகிறது. ஒளிரும் சாயம் போட்டுப் பார்க்கும் ஃப்ளோரசன்ஸ் நுண்ணோக்கியில் கதை வேறு. அங்கே பின்னணியில் கூடுதலாகச் சேரும் ஒளியும் உண்டு, அதைக் கழித்தேயாக வேண்டும், ஒளிச்சீரின்மையை வகுக்கவும் வேண்டும். எங்களிடம் அது இல்லை.

எதால் வகுப்பது? மாதிரி எதுவும் இல்லாத வெற்றுப் படத்தால். அதே வில்லை, மாதிரிக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரின் அதே உயரம், அதே விளக்கு, அதே எக்ஸ்போஷர். கண்ணாடித் துண்டும் மூடுகண்ணாடியும் இடையில் ஒரு துளி கரைசலும் மட்டும். விளக்கை மறைத்து ஓர் இருட்டுப் படமும் எடுத்துக்கொண்டால், கேமரா தானாகச் சேர்க்கும் சிறு அளவையும் நீக்கலாம். படத்திலிருந்து இருட்டைக் கழித்து, வெற்றுப் படத்திலிருந்தும் இருட்டைக் கழித்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்து, வெற்றுப் படத்தின் சராசரியால் பெருக்க வேண்டும். ஃபிஜியில் ‘கால்குலேட்டர் பிளஸ்’ என்னும் கருவி வகுத்தலையும் பெருக்கலையும் ஒரே படியில் செய்துவிடுகிறது. பெருக்கும் எண்ணாக என் வெற்றுப் படத்தின் சராசரியான 187-ஐக் கொடுக்கிறேன். சாதாரண ‘இமேஜ் கால்குலேட்டர்’ வழியாக வகுப்பவர்கள் பின்னங்களையும் காக்கும் 32 பிட் குறியை இடத் தவறாதீர்கள். முழு எண்ணாக வகுத்தால் எல்லாம் பூஜ்யமோ ஒன்றோ ஆகி, படம் கறுத்துப்போகும். அன்று கோப்பே கெட்டுவிட்டது என்று நினைத்துப் பயந்துபோனேன்.

வெற்றுப் படம் எடுப்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. கண்ணாடியில் ஒரு தூசி இருந்தால், வகுத்த பிறகு எல்லாப் படங்களிலும் அதே இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்து உட்காரும். பட்டுப்புழு அறையில் தூசிக்கா பஞ்சம்! அதனால் கண்ணாடியை நகர்த்தி நகர்த்தி ஒன்பது இடங்களில் எடுக்கிறேன். ஒன்பதையும் அடுக்காக்கி, பிக்சல்தோறும் இடைநிலை அளவை எடுக்கச் சொன்னால், ஓரிடத்தில் மட்டும் வந்த தூசி மறைந்துவிடும். கேமராவின் உள்ளே ஒட்டிய தூசி ஒன்பதிலும் ஒரே இடத்தில் இருக்கும், அது இருக்கத்தான் வேண்டும். மாதிரிப் படத்திலும் அது அங்கேயே இருப்பதால் வகுக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதை முதன்முதலில் கண்ணால் கண்ட நாளில் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பாப்பா, நேற்றுவரை இந்த இடத்தில் ஒரு கறை இருந்ததே, துடைத்தாயா?” என்றார். கையே வைக்கவில்லை.

எங்கள் ஊரில் இன்னொரு சிக்கல் மின்சாரம். என்னுடையது ஹாலஜன் விளக்கு. இன்வெர்ட்டருக்கு மாறும்போது ஒளியின் அளவும் நிறமும் சற்று மாறுகின்றன. காலையில் எடுத்த வெற்றுப் படம் மாலையில் பொருந்துவதில்லை. விளக்கைப் போட்டு இருபது நிமிடம் காத்திருந்து, ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் முடிவிலும் வெற்றுப் படம் எடுக்கிறேன். இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு இரண்டு அளவுக்கு மேல் போனால் அந்த அமர்வின் படங்களைத் தானியங்கி எண்ணிக்கைக்குக் கொடுப்பதில்லை. வண்ணப் படமாக இருந்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே பிரித்து வகுக்க வேண்டும். கேமராவின் தானியங்கி எக்ஸ்போஷர், தானியங்கி வெள்ளைச் சமன் இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஒளி அளவை வளைத்துக் காட்டும் காமா 1-இல் இருக்கட்டும். ஜேபெக் வேண்டாம், டிஃப் ஆகச் சேமியுங்கள். வில்லையில் கைப்பேசியை ஒட்டிவைத்து எடுத்த படங்களைச் சில மாணவர்கள் எனக்கு அனுப்புகிறார்கள். கைப்பேசி ஒவ்வொரு படத்துக்கும் தன் விருப்பப்படி ஒளியையும் நிறத்தையும் மாற்றிக்கொள்வதால் அவற்றை வெற்றுப் படத்தால் திருத்துவது பெரும்பாலும் வீண் உழைப்பு.

வெற்றுப் படமே எடுக்காத பழைய படங்களை என்ன செய்வது? என்னிடம் இரண்டு பருவப் படங்கள் அப்படிக் கிடந்தன. அதற்கு 2017-இல் வெளியான பேசிக் என்னும் சேர்ப்பு நிரல் ஃபிஜிக்கு உண்டு. ஒரே அமைப்பில் எடுத்த பல படங்களை அடுக்காகக் கொடுத்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான நிழல் எது, படத்துக்குப் படம் மாறும் பொருள் எது என்று கணக்கிட்டுப் பிரித்துக் கொடுக்கும். இருட்டுப் படத்தையும் அதுவே மதிப்பிடும். 12 படங்கள் கொடுத்தபோது, பலவற்றில் திசு ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்திருந்ததால் அதன் சாயல் நிழலோடு சேர்ந்து வந்தது. 40 படங்கள் கொடுத்தபோது அருமையாக வந்தது. என் மடிக்கணினியில் நேரம் எடுத்துக்கொண்டது, ஆனால் தொலைந்தவை என்று விட்டுவிட்ட படங்கள் திரும்பி வந்தன. ஒரே ஒரு பழைய படம்தான் இருக்கிறது என்றால், அதையே அடையாளம் தெரியாத அளவுக்கு மங்கலாக்கி, அந்த மங்கலால் வகுக்கும் வழி இருக்கிறது. கண்ணுக்கு அழகாக இருக்கும். பெரிய திசுவைச் சுற்றி ஒளிவட்டம் வரும். எண்ணிக்கைக்கு நான் அதை நம்பமாட்டேன்.

எந்த மென்பொருளாலும் முடியாதவையும் உண்டு. 255-ஐத் தொட்டு முழுவெள்ளையாகிவிட்ட இடத்தில் தகவலே இல்லை, வகுத்தால் சாம்பல் நிறம்தான் வரும். பாதி ஒளி மட்டுமே வந்த மூலையை இரண்டு மடங்காக்கினால் அங்குள்ள இரைச்சலும், அதாவது பிக்சல்களின் தாறுமாறான ஏற்ற இறக்கமும், இரண்டு மடங்காகும். திருத்திய படத்தில் மூலை சற்றே பொரிபொரியாகத் தெரிவது அதனால்தான்.

ஆகவே முதல் திருத்தம் நுண்ணோக்கியில்தான் நடக்க வேண்டும். 1893-இல் ஆகஸ்ட் கோலர் சொன்ன ஒளியமைப்பை ஒரு வருடமாக நான் செய்யாமலே இருந்திருக்கிறேன். அடியில் ஒளியின் வழியைச் சுருக்கி விரிக்கும் டயஃப்ரத்தை மூடி, கண்டென்சரை ஏற்றி இறக்கி அதன் விளிம்பைக் கூர்மையாக்கி, நடுவுக்குக் கொண்டுவந்து, பார்வைப்புலம் முழுவதும் தெரியுமளவு மட்டும் திறப்பது. ஐந்து நிமிட வேலை. என் கண்டென்சர் ஒரு பக்கமாக விலகியிருந்தது. நடுவுக்குக் கொண்டுவந்ததும் மூலை 118-இலிருந்து 165-க்கு உயர்ந்தது. மிச்சத்தை மட்டும் ஃபிஜி சரிசெய்தது. இப்போது நடுவுக்கும் மூலைக்கும் வேறுபாடு ஒன்றோ இரண்டோதான். அந்த 19 ஸ்போர் மாதிரியைப் படமெடுத்த அன்று வெற்றுப் படம் எடுத்து வைத்திருக்கவில்லை, அதே அமர்வின் மற்றப் படங்களோடு சேர்த்து பேசிக்கிடம் கொடுத்தேன். 19-உம் வந்தன, திசுவின் ஓரத்தில் பொய்யான ஸ்போர் ஒன்றும் இல்லை.

ஃபிஜியில் எனக்குள்ள மனக்குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெனு முழுவதும் ஆங்கிலம், அதிலும் ஒரு பட்டியலுக்குள் இன்னொன்று என்று ஒளிந்துகிடக்கும். நம் பகுதியில் தமிழ்வழியில் படித்துவிட்டுப் பட்டு வளர்ப்பில் இறங்கியிருக்கும் பிள்ளைகள் இதைத் திறந்த உடனே மூடிவிடுகிறார்கள். நாம் செய்வதை எழுதிக்கொள்ளும் மேக்ரோ பதிவி அதில் இருப்பதால் தப்பித்தேன். ஒருமுறை எல்லாப் படிகளையும் பதிவுசெய்து வைத்துவிட்டேன், இப்போது மையத்தில் உதவிக்கு வரும் பெண்ணும் ஒரே பொத்தானில் திருத்துகிறாள். எந்தப் படத்துக்கு என்ன செய்தோம் என்பதும் அந்த மேக்ரோவிலேயே எழுத்தாக இருக்கிறது. கேமரா மென்பொருளிடம் நான் கேட்டுக் கிடைக்காதது இதுதான். மூலப் படத்தை எக்காரணத்துக்காகவும் அழிப்பதில்லை. திருத்தியது தனிக் கோப்புறையில் இருக்கிறது. ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். தமிழில் மெனு வரும் நாளில் மீதி அரையும் கொடுப்பேன்.

நோய் உண்டு, இல்லை என்ற தீர்ப்பு இப்போதும் என் கண்ணுடையதுதான். ஸ்போரைப் போலத் தோன்றுபவை எத்தனையோ உண்டு, உருட்டிப் பார்த்து, குவியத்தை நகர்த்திப் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

போன பருவத்தில் காரிமங்கலம் பக்கத்திலிருந்து புழு வாங்க வரும் பெரியப்பா, நுண்ணோக்கி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எரித்த தொகுதி அவருக்காக வைத்திருந்தது, அந்தச் செய்தி அவருக்குத் தெரியும். புதிய தொகுதியின் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். முன்பெல்லாம் ஓரம் கறுத்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல் இருக்கும், இப்போது முழுவதும் ஒரே வெளுப்பு. கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு நெருங்கி வந்து பார்த்தார். “நடுவில் ஒன்றும் இல்லை, சரி. அந்த மூலையைப் பெரிதாக்கிக் காட்டு, பாப்பா” என்றார். பெரிதாக்கிக் காட்டினேன். நான்கு மூலைகளையும் பார்த்த பிறகே தட்டுகளை வண்டியில் ஏற்றச் சொன்னார்.